இருபத்து நான்கு கையெழுத்தும் ஒரு பிளக் பாயிண்ட்டும்

ஜூன் 2, ஞாயிறு

தமயந்தி ஸ்கூட்டர் வாங்கிவிட்டாள். மின்சார ஸ்கூட்டர். முப்பத்தோரு வருடம் கூடக் குடும்பம் நடத்திய மனிதனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காலை பத்து மணிக்குக் கீழே ஹாரன் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால், மாம்பழ மஞ்சளில் ஒரு வண்டி, அதன்மேல் என் மனைவி. ஐம்பத்தாறு வயது. வண்டியோடு இரண்டு ஹெல்மெட் வேறு. ஒன்று போதாதா என்றேன். "ரெண்டா எடுத்து வச்சேன், இருக்கட்டும்" என்றாள். இரண்டாவது இப்போது செருப்பு ஸ்டாண்டின்மேல் தூசி வாங்க உட்கார்ந்திருக்கிறது. தண்டம்.

அதுகூடப் பரவாயில்லை. இந்த அடுக்ககத்தில் இருபத்து நான்கு வீடுகள். ஆறு வருடமாகச் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். கீழே அறிவிப்புப் பலகையில், போன ஜனவரியில் நான் எழுதி ஒட்டிய நோட்டீஸ் இருக்கிறது: "வண்டி நிறுத்துமிடத்தில் எவரும் மின்சார வாகனத்துக்குச் சார்ஜ் ஏற்றக் கூடாது. ஏற்ற விரும்புவோர், இருபத்து நான்கு வீட்டு உரிமையாளர்களின் கையெழுத்தையும் மினிட் புத்தகத்தில் பெற வேண்டும். தீ விபத்து அபாயம் கருதி இந்த முடிவு. இப்படிக்கு, கோதண்டம், செயலாளர்."

தண்ணீர்த் தொட்டியை எந்தக் கிழமை கழுவுவது என்பதிலேயே இந்த இருபத்து நான்கு பேரும் ஒத்துப்போனதில்லை. அது தெரிந்துதான் எழுதினேன்.

தமயந்தி பலகைக்கு முன்னால் நின்று முழுவதும் படித்தாள். "நல்லா எழுதியிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டாள்.

ஜூன் 3, திங்கள்

காய்ந்த துணி எடுக்கப் பால்கனிக்குப் போனேன். அவள் கிளம்பும்போது மணி 6.50. திரும்பியது 11.20. துணி இன்னும் காயவில்லை.

ஜூன் 4, செவ்வாய்

எதற்காக இந்த வண்டி என்று எழுதிவைப்பது நியாயம். தமயந்தி நர்ஸ். ஒரு தனியார் மருத்துவமனையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தாள். ஏழு வருடத்துக்கு முன் நின்றுவிட்டாள். நின்ற காரணம் இங்கே வேண்டாம். இப்போது உறையூரில் ஒரு லேடி டாக்டர், சர்க்கரைப் புண்ணோடு படுத்திருப்பவர்களின் வீட்டுக்கே போய்க் கட்டு மாற்றும் வேலைக்கு இவளைக் கூப்பிட்டிருக்கிறார். ஜூன் முழுக்க வெள்ளோட்டம். ஜூலை ஒன்றாம் தேதி முதல் ஒரு நாளைக்கு எட்டு வீடு. கே.கே.நகரிலிருந்து காட்டூர், அரியமங்கலம் என்று திருச்சியின் பாதியைச் சுற்ற வேண்டும். பஸ்ஸில் போனால் மூன்று வீட்டுக்குமேல் முடியாது. எட்டு முடியாவிட்டால் வேறு ஆள் பார்ப்பார்களாம்.

"போகட்டுமே, இந்த வயசுல எதுக்கு உனக்கு அலைச்சல்?" என்றேன்.

"ஏழு வருஷம் உக்காந்தாச்சுங்க. போதும்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

6.45, 11.50.

ஜூன் 6, வியாழன்

மானம் போயிற்று.

எங்கள் வீடு இரண்டாவது மாடி. கீரைக்காரர் வந்தால் பால்கனியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்குவது வழக்கம். மத்தியானம் நான் கண்ணயர்ந்த நேரத்தில் தமயந்தி அதே கூடையில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை வைத்துக் கீழே இறக்கியிருக்கிறாள். வயர் எங்கள் ஹாலிலிருந்து பால்கனிக் கம்பி வழியாகத் தொங்க, கூடைக்குள் சார்ஜர் விளக்கு பச்சையாக எரிய, வண்டி நிம்மதியாகச் சார்ஜ் குடித்துக்கொண்டிருந்தது.

சங்கத் தலைவர் அருணகிரி அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார். கீழே ஒரே ஒரு வரி: "செயலாளர் வீட்டுக் கீரை." பதினேழு பேர் சிரித்த முகம் போட்டார்கள்.

நடவடிக்கை எடுக்காமல் இருக்க முடியுமா. சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான். பேருந்து டிப்போ ஸ்டோரில் முப்பத்து மூன்று வருடம் ஒரு நட்டு போல்ட்டைக்கூட ரசீதில்லாமல் வெளியே விடாதவன் நான். ஏ-7 வீட்டுக்கு முறைப்படி ஒரு எச்சரிக்கை நோட்டீஸ் எழுதி, சங்க முத்திரை குத்தி, படியிறங்கி வெளியே போய்த் திரும்பி வந்து, எங்கள் வீட்டுக் கதவுக்கு அடியில் தள்ளினேன்.

ஜூன் 7, வெள்ளி

நோட்டீஸின் பின்பக்கத்தில் தமயந்தி எழுதியிருப்பது: துவரம்பருப்பு, புளி, பஞ்சு, நாலு இஞ்ச் பேண்டேஜ் பத்து.

ஜூன் 9, ஞாயிறு

நேற்று 6.45க்குப் போனவள் 3.10க்குத்தான் வந்தாள். போன் எடுக்கவில்லை. பால்கனியில் துணி ஏதும் இல்லை, ஆனாலும் அங்கேதான் நின்றேன். அந்த மாம்பழ மஞ்சளில் ஒரு நன்மை, தெருமுனையிலேயே தெரிந்துவிடுகிறது.

வீட்டில் சார்ஜ் ஏற்ற வழியில்லாததால் பைபாஸ் பக்கம் ஒரு பங்க்கில் இருக்கும் சார்ஜிங் பாயிண்ட்டுக்குப் போயிருக்கிறாள். அங்கே ஒரு கார் நின்றிருந்ததாம். ஒன்றரை மணி நேரம் வெயிலில் காத்திருந்து, பிறகு தன் வண்டிக்கு ஏற்றிக்கொண்டு, காட்டூர் போய்ச் சேரப் பன்னிரண்டரை. அங்கே ஒரு ரிட்டயர்டு வாத்தியார். குதிகாலில் புண். காலையில் மாற்ற வேண்டிய கட்டு. சீழ் கோத்து, மனிதர் வலியில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாராம். "லேட்டா வந்துட்டீங்களேம்மா" என்று மட்டும் சொன்னாராம்.

இதைச் சொல்லிவிட்டு யூனிஃபாரத்தைத் துவைக்கப் போனாள். அரை மணி நேரம் துவைத்தாள். அத்தனை அழுக்கு இல்லை அதில்.

ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை எனக்கு. புளிக்குழம்பில் உப்பு அதிகம் என்று சொல்லிவைத்தேன்.

ஜூன் 12, புதன்

மீட்டர் ரூம் பூட்டுக்கு எண்ணெய் போடப் போனேன். அப்படியே, ஏதோ பார்ப்போமே என்று, எலக்ட்ரீஷியன் ஜெரால்டையும் வரச் சொல்லியிருந்தேன்.

"சார், பேட்டரியக் கழட்டி மாடிக்குத் தூக்கிட்டுப் போற வண்டியும் இருக்கு. மேடத்தோடது அப்படியில்ல, உள்ளயே பொருத்தினது" என்றான். "பொது மீட்டர்ல பாயிண்ட் குடுத்தா ஆளாளுக்குச் சண்டை. அது வேணாம். உங்க ஏ-7 மீட்டர் இந்தா, இங்க கீழதான இருக்கு. இதுலேர்ந்தே தனியா ஒரு லைன் இழுத்து, உங்க வண்டி நிக்கிற இடத்துல பூட்டு போட்ட பெட்டிக்குள்ள ஒரு பாயிண்ட். நல்ல எர்த்து, கசிவு வந்தா தானா விழுற பிரேக்கர். ஒரு நாள் வேலை சார்."

"தீப்பிடிக்குமே?"

"பிடிக்கும் சார். கூடையில எக்ஸ்டென்ஷன் பாக்ஸத் தொங்க விட்டா."

படம் அவன் போனுக்கும் போயிருக்கிறது.

ஜூன் 16, ஞாயிறு

கமிட்டிக் கூட்டம். ஏ-7 சார்பில் மனுக் கொடுத்தேன், செயலாளராக அதைப் பெற்றுக்கொண்டேன். அருணகிரி பெரிய கம்பெனியில் பர்சேஸ் பார்த்தவர், எதையும் புன்னகையோடுதான் மறுப்பார்.

"கோதண்டம் சார், எனக்கு ஆட்சேபணையே இல்ல. ரூல்னு ஒண்ணு இருக்குல்ல. இருபத்து நாலு கையெழுத்து. அத எழுதினது நீங்கதான சார்?"

மாற்றி எழுதலாம் என்று யாரோ சொன்னார்கள். மாற்றவும் இருபத்து நான்கு பேர் சம்மதம் வேண்டும் என்று கடைசி வரியில் நானே சேர்த்திருக்கிறேன். ஓட்டையில்லாமல் எழுதத் தெரிந்தவன் என்று ஒரு காலத்தில் எனக்குப் பெயர்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். தமயந்தி முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "இன்னும் ரெண்டு வாரம் இருக்கு" என்றாள். மினிட் புத்தகத்துக்குப் புது அட்டை போட்டேன்.

ஜூன் 17, திங்கள்

நான்கு கையெழுத்து. 6.40, 12.05.

ஜூன் 18, செவ்வாய்

ஏழு. முதல் மாடியில் ஒரு வீட்டில் கையெழுத்துக்குமுன் இரண்டு இட்லி சாப்பிட வைத்துவிட்டார்கள். இன்னொரு வீட்டில், போன வருடம் அவர்கள் மாடியில் வடகம் காயப்போட்டதற்கு நான் அனுப்பிய நோட்டீஸை ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டே அரை மணி நேரம் உட்கார வைத்துப் பிறகுதான் பேனாவை எடுத்தார்கள். வடகம் காயப்போடலாம் என்று வாய்மொழியாக அனுமதி கொடுத்தேன்.

ஜூன் 20, வியாழன்

பதினாறு. முழங்கால் வலி.

சி-4இல் வாடகைக்கு இருக்கும் நிவேதாவிடம் போக வேண்டியிருந்தது. ஜனவரி நோட்டீஸ் அந்தப் பெண்ணின் மின்சார ஸ்கூட்டருக்காக வந்ததுதான். அதன்பின் வண்டியை அவள் ஆபீஸிலேயே விட்டுவிட்டு ஆட்டோவில் வந்து போகிறாள். வீட்டு உரிமையாளர் மஸ்கட்டில். அவர் கையெழுத்து வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் கையெழுத்து செல்லாது என்று ஒரு விதி இருக்கிறது. அதை எழுதியவர் யார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கதவைத் திறந்தவள் முகத்தைச் சுளித்திருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "உள்ள வாங்க அங்கிள்" என்றாள். காபி கொடுத்தாள்.

"என்மேல கோபம் இருக்கும் உனக்கு" என்றேன்.

"கோபம் இல்ல அங்கிள், புரியலதான். மூணு மாசம் சார்ஜ் போட்டேன், நீங்க ஒண்ணும் சொல்லல. ஒருநாள் சாயங்காலம் ஆன்ட்டி என் வண்டியக் கேட்டு வாங்கி, காம்பவுண்டுக்குள்ள ரெண்டு ரவுண்டு ஓட்டிப் பாத்தாங்க. அவ்ளோ சிரிச்சாங்க. மறுநாள் காலைல நோட்டீஸ்."

தற்செயலாக அமைந்துவிட்டது என்றேன். காபி நன்றாக இருந்தது. மஸ்கட்டிலிருந்து சனிக்கிழமை அவர் மைத்துனர் விமானத்தில் வருகிறாராம், தாளில் கையெழுத்து வாங்கி அனுப்பச் சொல்கிறேன் என்றாள். நான் செய்ததற்கு அந்தப் பெண் இவ்வளவு செய்ய வேண்டியதில்லை. மன்னிப்புக் கேட்டேன். டிப்போவில் எம்.டி.யிடம்கூட நான் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

ஜூன் 23, ஞாயிறு

இன்றைய நாளை முழுக்க எழுத வேண்டும்.

சனிக்கிழமைக்குள் இருபத்தொன்று ஆகியிருந்தது, மஸ்கட் தாளும் பேரீச்சம்பழத்தோடு வந்துசேர, இருபத்திரண்டு. அருணகிரியிடம் போனேன். "எல்லாரையும் கூப்பிடுங்க, எல்லார் முன்னாலயும் கேக்கறேன்" என்றார். காலை பத்து மணிக்கு வண்டி நிறுத்துமிடத்தில் நாற்காலி போட்டோம். இருபது வீட்டு ஆட்கள் வந்திருந்தார்கள். தமயந்தி தூணோரமாக, யூனிஃபாரத்திலேயே நின்றிருந்தாள்.

"பொம்பளைங்க வேலைக்குப் போறத நான் தடுக்கல. பில்டிங் வயர் மொத்தமும் லோடு தாங்காமப் போச்சுன்னா யார் பதில் சொல்றது?" என்றார் அருணகிரி.

பாதிப் பேர் தலையாட்டினார்கள். என்னிடம் இரண்டு பக்கம் குறிப்பு இருந்தது. கண்ணாடியை மேலே வைத்துவிட்டு வந்திருந்தேன்.

அப்போது தமயந்தி பேசினாள். "சார், உங்க வீட்டு அயர்ன் பாக்ஸக் கொஞ்சம் கொண்டாரச் சொல்லுங்களேன்."

அவர் மனைவி கொண்டுவந்தார். ஜெரால்டு மீட்டர் ரூமில் எங்கள் இணைப்பிலிருந்து ஒரு தற்காலிகப் பாயிண்ட் எடுத்து வைத்திருந்தான். முதலில் ஸ்கூட்டர் சார்ஜரைச் செருகினான். வயரைக் கவ்விப் பிடித்து ஆம்பியர் காட்டுகிற கருவியை மாட்டி, "படிங்க சார்" என்று அருணகிரியிடமே நீட்டினான்.

"மூணு புள்ளி மூணு."

சார்ஜரை எடுத்துவிட்டு அயர்ன் பாக்ஸைச் செருகினான். அருணகிரி கருவியைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"சத்தமாப் படிங்க" என்றார் அவர் மனைவி.

"நாலு புள்ளி அஞ்சு."

"தெனம் காலைல இருபத்து நாலு வீட்லயும் ஒரே நேரத்துல அயர்ன் பண்றோம். பில்டிங் நின்னுக்கிட்டுதான இருக்கு" என்றாள் தமயந்தி.

முதலில் சிரித்தது வடகம் வீட்டுக்காரர்தான். பிறகு எல்லாரும். சிரிப்பு அடங்கும்வரை அருணகிரி காத்திருந்தார். அதன்பின் அவர் கேட்டவை நியாயமான கேள்விகள், ஒப்புக்கொள்கிறேன். கார்களை ஒட்டி வைக்கக் கூடாது, மேற்குச் சுவரோரம் திறந்த இடத்தில் வைக்க வேண்டும். கம்பெனி சார்ஜர் மட்டும்தான். பக்கத்தில் தீயணைப்பு சிலிண்டர் ஒன்று. அவரவர் மீட்டர், அவரவர் இடம், அவரவர் பூட்டு. ஒவ்வொன்றுக்கும் சரி என்றேன். இதே நிபந்தனையில் யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்று தீர்மானத்தில் சேர்க்கச் சொன்னதும் அவர்தான். அயர்ன் பாக்ஸ் ஆறுவதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

தமயந்தி அப்படிப் பேசி நான் பார்த்து ஏழு வருடம் ஆயிற்று. வார்டில் பெரிய டாக்டர்களையே நிற்க வைத்துப் பேசியவள் அவள். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை எங்கே சொல்வது, இங்கேதான் எழுத முடிகிறது.

கையெழுத்து இருபத்து மூன்று.

ஜூன் 24, திங்கள்

இன்னும் ஒன்றுதான் பாக்கி. பார்த்துக்கொள்ளலாம். 6.40, 12.15.

ஜூன் 26, புதன்

ஜெரால்டு கேட்டான். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். பேனா மை தீர்ந்துவிட்டது.

ஜூன் 27, வியாழன்

6.35, 12.40. மழை. இருபது நிமிடம் தாமதம்.

ஜூன் 28, வெள்ளி

தமயந்தி மினிட் புத்தகத்தைத் திறந்து எண்ணினாள். விரல் வைத்து, ஒவ்வொரு பெயராக. ஏ-1, ஏ-2, என்று. ஏ-7க்கு எதிரே வெறுமையாக இருந்தது. வீடு என் பெயரில் இருக்கிறது.

திட்டுவாள் என்று நினைத்தேன். என் எதிரில் உட்கார்ந்தாள். "இன்னும் அந்த மன்னார்புரம் ரவுண்டானாவுலயே நிக்கிறீங்களா?" என்றாள்.

எழுதிவிடுகிறேன். ஏழு வருடத்துக்கு முன், ஐப்பசி மழை, சாயங்காலம். நான் ஸ்கூட்டர் ஓட்டினேன். அவள் பின்னால். ரவுண்டானாவில் மணல் இருந்ததை நான் பார்க்கவில்லை. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவளுக்கு இடது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. அவள் வேலை பார்த்த வார்டிலேயே அவளைப் படுக்க வைத்தார்கள். நாலு மாதம் கழித்து எழுந்தாள், வேலை போயிருந்தது. வண்டியை மறுவாரமே விற்றேன். அன்றிலிருந்து பஸ்தான். ஒருநாளும் அவள் என்னைக் குறை சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம்.

ஜனவரியில் நிவேதாவின் வண்டியில் அவள் சிரித்துக்கொண்டே சுற்றியதைப் பால்கனியிலிருந்து பார்த்தேன். ராத்திரியே நோட்டீஸ் எழுதினேன். தீ விபத்து என்று எழுதியது பொய். எனக்குத் தீயைப் பற்றி ஒன்றும் தெரியாது, மணலைப் பற்றித்தான் தெரியும்.

இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். வாய்விட்டுச் சொன்னேன். ஐந்து மாதமாக அந்தப் பெண் ஆட்டோவில் அலைந்ததும், காட்டூர் வாத்தியார் சுவரைப் பார்த்துப் படுத்திருந்ததும் என் பயத்தால்தான் என்று சொன்னேன்.

"எனக்கும் பயந்தான்" என்றாள் தமயந்தி. "மன்னார்புரம் வரும்போது தெனமும் கை வேர்க்கும். தொடச்சிக்கிட்டுப் போறேன். வீட்ல உக்காந்திருந்தா மட்டும் வேர்க்காதா?"

பேனாவில் மை இருந்தது. இருபத்து நான்கு.

ஜூன் 30, ஞாயிறு

மேற்குச் சுவரோரம் சாம்பல் நிறப் பெட்டி. பூட்டு. சிவப்பு சிலிண்டர். ஜெரால்டு காலை எட்டுக்கு ஆரம்பித்து மூன்று மணிக்கு முடித்தான். முதல் ஸ்விட்ச்சை நிவேதா போட வேண்டும் என்று தமயந்தி சொல்லிவிட்டாள். அந்தப் பெண் ஆபீஸிலிருந்து தன் வண்டியை ஓட்டிவந்திருந்தாள். மஞ்சள் வண்டியில் பச்சை விளக்கு எரிந்தது. கை தட்டினார்கள். வடகம் வீட்டிலிருந்து கேசரி வந்தது.

சி-4, பி-2, டி-5 மூன்று வீட்டுக்கும் பெட்டி வேண்டும் என்று ஜெரால்டிடம் சொல்லிவிட்டார்கள். கூட்டம் கலைந்தபின் அருணகிரி என்னை ஓரமாக அழைத்தார். "சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன், காருக்கு எத்தன ஆம்பியர் பிடிக்கும்?"

ஜனவரி நோட்டீஸை நானே கிழித்தேன். பசை பழையது, பெயர் வந்த இடம் மட்டும் பலகையிலேயே ஒட்டிக்கொண்டது. இருக்கட்டும்.

ஜூலை 1, திங்கள்

காலை 6.30. வண்டி முழுச் சார்ஜில் நின்றது. தமயந்தி மருந்துப் பையை முன்னால் வைத்தாள். நான் வழியனுப்பக் கீழே போயிருந்தேன். அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, வண்டியை நகர்த்தாமல் நின்றாள்.

"செருப்பு ஸ்டாண்டு மேல இருக்கறத எடுத்துட்டு வாங்க" என்றாள்.

இரண்டு மாடி ஏறி இறங்கினேன். தூசி துடைக்கவில்லை. பின்னால் உட்கார்ந்தபோது கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "தோள்ல வையுங்க, கூச்சப்படாதீங்க" என்றாள். பால்கனிகளில் ஆட்கள் நின்றிருந்தார்கள், அருணகிரி உட்பட. பார்க்கட்டும்.

மன்னார்புரம் ரவுண்டானா வந்தபோது அவள் வேகத்தைக் குறைத்தாள். ஒரு கையை எடுத்து யூனிஃபாரம் புடவை முந்தானையில் துடைத்துக்கொண்டாள், பிறகு மறு கையை. என் கையும் வேர்த்துத்தான் இருந்தது. சுற்றி வளைந்து, நேராகி, காட்டூர்ச் சாலையில் ஏறினோம். வாத்தியார் வீட்டை அடைந்தபோது ஏழு ஐந்து. கதவு திறந்துதான் இருந்தது. "இவ்ளோ சீக்கிரமா வந்துட்டீங்களேம்மா" என்றார்.

எட்டு வீடு. எட்டையும் முடித்தாள். பஞ்சுப் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தது நான்.

இன்று திரும்பிய நேரத்தைக் குறிக்கவில்லை. பால்கனியில் யாரும் நிற்கவில்லை, இருவரும் சேர்ந்துதான் வந்தோம்.